எழுத்து மறுபடியும் சின்னதாச்சு

— மறுபடியும் சின்னதாயிடுச்சு சீனு. வெள்ளிக்கிழமை அப்டேட்டுன்னு ரீஸ்டார்ட் ஆச்சு. இன்னிக்கு வந்து திறந்தா, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி கிடக்குது.

— போன மாசமும் இதே கதைதானக்கா. நான்தான வந்து பெருசாக்கி வச்சேன். தள்ளுங்க, பாக்கேன்.

— எழுத்து மட்டும் இல்லப்பா. கருப்புல மஞ்ச எழுத்து வச்சிருந்தேன், அதுவும் போச்சு. இப்ப ஒரே வெள்ளை, கண்ணு கூசுது.

— என்னன்னா, இதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல. அப்டேட் வரும்போது எங்க ஹெட் ஆபீஸ் ஐடி டீம் எல்லா மெஷினையும் ஒரே மாதிரி ஆக்கி விடுது. நீங்க மாத்துனதெல்லாம் அழிஞ்சிரும்.

— அப்போ ஒவ்வொரு தபாவும் உன்னைக் கூப்பிடணுமா?

— நீங்களே செய்யலாம்க்கா, சின்ன வேலைதான். இந்தா மவுஸ். கீழ இடது மூலையில அமுக்குங்க, செட்டிங்ஸ் வரும்.

— அமுக்கிட்டேன். வரலியே.

— நீங்க அமுக்குனது தேதியில்லா. அது வலது மூலை.

— சொல்ப இரு, கொஞ்சம் பொறு. கழுத்தைத் திருப்பினாதான் ஓரம் தெரியும்.

— அக்கா, கோவப்படாதீங்க. ஓரம் உங்களுக்குத் தெரியவே இல்லையா?

— மெதுவா பேசுப்பா.

— எல்லாரும் சாப்பிடப் போயாச்சு. நம்ம ரெண்டு பேருதான்.

— தெரியல. ரெண்டு பக்கமும் மூடிக்கிட்டு வருது. பைப்புக்குள்ள பாக்குற மாதிரி நடுவுல மட்டும்தான் தெரியும். அதுவும் மங்கல். தொம்மலூர்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டினேன், மெதுவா போகும், நிறுத்த மருந்து இல்லன்னாரு. மர்பி டவுன்ல எங்க சந்துல அத்தனை பேருக்கும் தெரியும். இங்க ஒருத்தருக்கும் தெரியாது.

— ராதா மேடத்துக்கு?

— டீம் லீடருக்குத்தான் முதல்ல தெரியக்கூடாது. நம்ம ஃப்ளோர்ல இருந்த லாயிட் தனக்குக் காது மந்தமாச்சுன்னு அவராவே போய்ச் சொன்னாரு. இன்னா ஆச்சு? போன் வேலையை எடுத்துட்டு, ஸ்கேன் ரூம்ல பேப்பர்ல பின்னு பிடுங்க விட்டாங்க. கொஞ்ச நாள்ல அவரே நின்னுட்டாரு. இன்சூரன்ஸ் க்ளெய்ம் படிக்கிறதுல இந்த ஃப்ளோர்லயே தப்பு கம்மியா விடுறது நான்தான். எழுத்து பெருசா இருந்தா போதும் எனக்கு.

— சரி, ஒரு வழி சொல்லுதேன். உங்க செட்டிங்ஸை ஒரு சின்ன ஃபைல்ல போட்டு, மெஷின் ஆன் ஆகும்போது தானா ஓடுற மாதிரி வைக்கேன். யாருக்கும் தெரியாது.

— அதைச் செய்யி முதல்ல.

— பெரிய அப்டேட் வந்தா அந்த ஃபைலையும் தூக்கிரும். பொறவு நான் வரணும். நான் லீவுன்னா வேற ஆளு வருவான், கேள்வி கேப்பான்.

— வேற வழி?

— இருக்கு. இந்த மெஷின் செட்டிங்ஸைத் தொடாதீங்கன்னு ஹெட் ஆபீஸுக்கு எழுதணும். அப்டேட் பாட்டுக்கு வரும், உங்க எழுத்து அப்படியே இருக்கும். ஆனா காரணம் சொல்லணும். ராதா மேடம் ஓகே குடுக்கணும்.

— அது பேடப்பா, வேணாம். விட்டுடு.

— உங்க இஷ்டம்க்கா. ஒண்ணு மட்டும் சொல்லிக்கிடுதேன். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பொறவும் இதே வேலைக்கு இன்னும் சில பேரு என்னைத் தனியா கூப்பிடுதாங்க. யாருன்னு கேக்காதீங்க. ஒருத்தரும் எழுத விடல. ஒருத்தருக்கு ஓகே ஆச்சுன்னா, அதைக் காட்டியே அடுத்தவங்களுக்கும் கேட்டிருவேன்.

— அதுக்கு நான்தான் முதல் ஆளா நிக்கணுமா?

— அப்படிச் சொல்லல. இந்தா, பெருசாக்கிட்டேன். கருப்பும் வச்சாச்சு. தெரியுதா?

— தெரியுது. சீனு, இன்னிக்குக் காலையில, நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு க்ளெய்ம் பாத்தேன். எட்டாந்தேதி ஆஸ்பத்திரில சேர்ந்தவங்களை மூணாந்தேதின்னு படிச்சிட்டேன். பாலிசி ஆரம்பிச்சது அஞ்சாந்தேதி. தள்ளுபடின்னு போட்டுட்டேன்பா. அனுப்பப் போற நேரத்துல இன்னொரு தபா கிட்டப் போய்ப் பாத்தேன், அதனால பிழைச்சது. அப்பலேர்ந்து எனக்கு வேலையே ஓடல.

— அக்கா, ராதா மேடம் வாராங்க. திரையைப் பழையபடி மாத்திரவா?

— வேணாம். இருக்கட்டும்.

— ஊட்டா ஆச்சா சங்கமித்ரா, சாப்பிட்டாச்சா? என்ன இது, ஸ்க்ரீனெல்லாம் கருப்பா இருக்கு. சீனு, மெஷின் போச்சா?

— மெஷின் நல்லாத்தான் இருக்குது மேடம். என் கண்ணுதான் சரியில்ல. ஓரம் தெரியாது. நடுவுலயும் இப்படி வச்சாதான் படிக்க முடியும். அப்டேட் வந்தா அழிஞ்சிடுது. அழியாம இருக்க எழுதிக் கேக்கணுமாம், நீங்க ஒத்துக்கணுமாம். லாயிட்டை அனுப்பின மாதிரி ஸ்கேன் ரூமுக்கு அனுப்பினா நான் போக மாட்டேன். அதையும் இப்பவே சொல்லிடறேன்.

— எவ்வளவு நாளா இப்படி?

— இந்த ஆபீஸுக்கு வர்றதுக்கு முன்னாடியே.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— லாயிட் சொன்னாரே மேடம்.

— மேடம், நான் வேணா அப்புறமா வாரேன்.

— இரு சீனு. போகாத. அதை எங்க எழுதணும்?

— இங்கயே, என் லேப்டாப்ல. காரணம்னு என்ன போடட்டும்?

— அவங்க சொன்னதை அப்படியே போடு. சங்கமித்ரா இதே சீட்டுல, இதே வேலைதான் பாப்பாங்கன்னும் சேத்துக்கோ. நான் இப்பவே ஓகே பண்றேன். அதுக்குக் கீழ இன்னொரு மெஷின் போட இடம் இருக்கா?

— இருக்கு மேடம். யாரோடது?

— என்னோடது. மவுஸ் மெதுவா நகரணும். ஒரு கீயை ரெண்டு தடவை தட்டினாலும் ஒண்ணாதான் விழணும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கேபின் கதவைச் சாத்திட்டு நானே மாத்திக்கிட்டிருக்கேன். காரணம், ராதாவுக்குக் கை நடுங்குதுன்னு எழுது.