தேன் நிறத்து எண்ணெய்

காலையில் எனக்குக் காபி கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆறினதைக் கொடுத்தால் அன்றைக்கு முழுக்கப் பேஜார். எஞ்சினும் அப்படித்தான்.

நான் கனகராஜ். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் வைத்திருக்கும் ஆபித் பாஷா எழுபத்தொன்பதாம் வருஷம் இரண்டு சீட்டுப் பிளேன் வாங்கி, விரிஞ்சிபுரம் பக்கம் ஷெட் போட்டு, என்னை வேலைக்கு வைத்தார். பிரியாணிக்குச் சேராத கூட்டம் அதைப் பார்க்கச் சேர்ந்தது. ஒடுகத்தூரில் கடலைச் செடிகூட அண்ணாந்து பார்த்தது. அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் பைலட் மூர்த்தி சொன்னார்: "நீ தொடைக்கிற ஆளு கனகராஜ். இஞ்சின் ரோசனையெல்லாம் எனக்கு வாணாம்." எல்லோரும் சிரித்தது காட்பாடி ஜங்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

மழைக்காலம் மூன்று மாதம் பிளேன் பறக்கவில்லை. அப்படி நிற்கும் எஞ்சினைத் தொடாமல் விட வேண்டும், இல்லையென்றால் ஒரு மணி நேரமாவது பறக்கவிட வேண்டும். நான் தினமும் ஐந்து நிமிடம் தரையிலேயே ஓட்டி நிறுத்தினேன். "பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிறாம்பா" என்று முதலாளி நெகிழ்ந்துபோனார்.

சரியாகச் சூடேறாத எஞ்சினுக்குள் நீர் வேர்க்கும். அது எண்ணெயில் தங்கி, புகையோடு சேர்ந்து அமிலமாகும். அப்புறம் அது வழவழப்புத் தருகிற எண்ணெய் இல்லை, இரும்பைத் தின்கிற எண்ணெய். மூடியின் உட்புறம் பாலேடு போல நுரை படியும். அதைத் தினமும் ஆட்டுத்தோல் துண்டால் துடைத்தேன். துடைக்கிற ஆள்தானே.

மழை விட்டதும் மூர்த்தி வந்தார். எண்ணெய் மாற்றியாச்சா என்றார். மாற்றியாச்சு என்றேன். எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தார். அதே பழைய எண்ணெய்தான், ஆனால் அதிகம் ஓடாத எண்ணெய் கறுக்காது. நல்ல தேன் நிறம். அவருக்குத் திருப்தி.

எண்ணெய் மாற்றியபின் முதல் தடவை பறக்கும்போது மெக்கானிக்கும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஏறு என்றார். வயிறு சரியில்லை என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். அதற்குள், பறக்க ஆறு மாதமாக ஏங்கிய ஷாப் கிளார்க் ஜியாவுதீன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி வந்தார். "கனகராஜண்ணே, ஒங்க சீட்டு எனக்குதானே?"

பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன்.

விரிஞ்சிபுரத்துக்கு மேலே சத்தம் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன், பதினேழு நிமிடம். நான் இருபது என்று நினைத்திருந்தேன். பாலாற்று மணலில் விழுந்தார்கள்.

மூர்த்தியைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஜியாவுதீனை மட்டும் என் பேரில் சேர்க்காதீர்கள். அவருக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஷெட் வாசலில் விட்டுப்போன செருப்பைக்கூட, தினமும் துடைத்துத்தான் வைக்கிறேன்.