கோடு விழாத முட்டை

கழுவினாலும் போகாத ஒரு தடம் முட்டையில் உண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டின்மேல் சிறு இடைவெளி விட்டு இணையாக ஓடும் இரண்டு கோடுகள். அவற்றை எப்படி இல்லாமல் செய்வது என்று ஐந்து மாதம் முயன்றேன், முடியவில்லை. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன் அம்மா, நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பண்ணை திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகிற வழியில் இருக்கிறது. முன்பக்கம் வேப்பந்தோப்பு, அங்கே நாற்பது கோழிகள் மேய்ந்தன. பின்பக்கக் கொட்டகையில் நாலாயிரம் கோழிகள் கூண்டில் இருந்தன. எங்கள் முட்டை அட்டைப்பெட்டியில், 'கூண்டறியாத கோழிகள், வேப்பமர நிழலில் திரிபவை' என்று அச்சிட்டிருந்தோம். அந்த நாற்பது கோழிகளைப் பொறுத்தவரை அது முழு உண்மை. பக்கத்தில் சான்று தரும் சென்னை அமைப்பின் வட்ட முத்திரை. அதன்கீழ், ஒரு கோழியை அணைத்தபடி சவுரியம்மாளின் படம். ஒன்பது வருடமாக எங்களிடம் முட்டை பொறுக்குகிறவள். படத்தில் சிரிக்கச் சொன்னது நான்.

அந்த அமைப்பு வருடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பும். முன்னதாகவே தேதி சொல்லிவிடுவார்கள். அன்றைக்குக் கொட்டகைக் கதவில் 'நோய்த்தடுப்பு நடக்கிறது, வெளியாட்கள் வரக்கூடாது' என்று பலகை தொங்கும். கோழிப்பண்ணையில் அந்தப் பலகையை யாரும் மீற மாட்டார்கள். செருப்பில் ஒட்டிய மண்ணோடு நோய் வந்தால் ஒரே வாரத்தில் கொட்டகை காலியாகிவிடும். வந்தவர்கள் தோப்பைச் சுற்றிப் பார்ப்பார்கள், இளநீர் குடிப்பார்கள், போய்விடுவார்கள்.

2014இல் மணிமாறன் வந்தான். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துப் பையன், இருபத்தாறு வயது. கொட்டகையைப் பார்க்கவேண்டும் என்று அவன் கேட்கவே இல்லை. தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்தான். அலுவலக ஜன்னலைச் சாத்திவிட்டு, கள்ளநோட்டுப் பார்க்கிற நீல விளக்கை அதன்மேல் பிடித்தான். முட்டை செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. அந்தச் சிவப்புக்கு நடுவில் இரண்டு கோடுகள்.

"மீன செவுளப் பாத்து சொல்ற மாதிரிதாங்க இதுவும்," என்றான். "எங்கப்பா கூடைல கைவைக்காமலே சொல்லிடுவாரு, நேத்து மீனா இன்னிக்கு மீனான்னு."

எனக்கு வந்தது பயமில்லை, வியப்பு. எப்படி என்று கேட்டேன். அவனும் நன்றாகச் சொல்லிக்கொடுத்தான். இட்ட நொடியில் முட்டையின் மேற்பூச்சு ஈரமாக இருக்கும். சற்று நேரத்தில் உலர்ந்துவிடும். கூண்டின் தரை வெறும் கம்பி. முட்டை தானாக முன்பக்கம் உருண்டு வரட்டும் என்று அதைச் சரிவாக வைத்திருப்போம். உலர்வதற்குள் கம்பிமேல் உருள்வதால், கம்பி பட்ட இடத்தில் பூச்சு நசுங்கிப் போகிறது. பகல் வெளிச்சம் அதைக் காட்டாது, நீல விளக்கு காட்டும். இவ்வளவு சிறிய விஷயத்தில் இவ்வளவு ஒழுங்கு இருப்பதை நினைத்து அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஐந்து மாதம் தவணை தருவதாகச் சொன்னான். "அடுத்த வாட்டி இந்தக் கோடு இருக்கக்கூடாது சார். இருந்தா முத்திரைய எடுத்துருவாங்க." அவன் சொன்ன வார்த்தை இதுதான். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

விழுப்புரத்தில் அதே மாதிரி விளக்கு ஒன்று வாங்கினேன். முட்டையைக் கழுவிப் பார்த்தேன். பூச்சு திட்டுத்திட்டாகப் போனதே தவிர, கோடு போகவில்லை. கம்பிமேல் சாக்கு விரித்தேன், எச்சம் அப்பிக்கொண்டது. கம்பிக்கு ரப்பர் குழாய் மாட்டினேன், கோடு தடித்தது. இடும்போதே கையில் பிடித்தால் கோடு விழவில்லை, ஆனால் நாலாயிரம் கோழிக்கு நாலாயிரம் கை வேண்டும். பிறகு, இடுவதற்கு முன்பே எடுத்தால் என்ன என்று தோன்றியது. முப்பது கோழிகளை உயிரோடு அறுத்து எடுத்துப் பார்த்தேன். ஓடு நன்றாக முற்றியிருந்தது, கோடு கிடையாது. ஆனால் அந்த முறையில் ஒரு கோழிக்கு ஒரு முட்டைதான் கிடைக்கும். அந்தக் கோழிகளைக் கறிக்கு எடுத்துப்போகச் சொன்னேன். சவுரியம்மாள் தொடவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த முறை மணிமாறன் தேதி சொல்லாமல் வந்தான். உச்சிவெயில் நேரம். பலகை தொங்கவில்லை. நான் போனபோது கொட்டகையின் நடுவே நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு கூண்டுக்கு நாலு கோழி. ஒன்றையொன்று கொத்தாமலிருக்க அலகைச் சூட்டுக்கத்தியால் வெட்டியிருப்போம், எல்லாப் பண்ணையிலும் செய்வதுதான். அவன் கண் கலங்கியிருந்தது. எச்சத்தின் நெடி பழகாதவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

"இன்னா சார் இது? அந்தம்மா படத்த அட்டைல போட்டுக்கினு, இதுங்கள இப்படி வச்சிருக்கீங்க."

என் முயற்சிகளை ஒவ்வொன்றாக விளக்கினேன். கிட்டத்தில் வந்துவிட்டேன், இன்னும் இரண்டு மாதம் கொடு தம்பி என்றேன்.

"கோட்டப் பத்தியா சார் நான் பேசிக்கினு இருக்கேன்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

எச்சம் வழிக்கிற இரும்புச் சுரண்டி கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. கோழிக்கு ஒரு திருகு போதும். மனிதனுக்கு மூன்று அடி தேவைப்பட்டது. வளைந்த ஓடு எதுவுமே வெளியிலிருந்து வரும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், முட்டையிலும் அதைப் பார்க்கலாம். மூன்றாவது அடியில் உள்வாங்கியது. கோழிகள் மிரண்டுவிட்டன. மறுநாள் முட்டை குறைந்ததற்கு அதுதான் காரணம்.

செத்த கோழிகளைப் போடும் குழி கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது, மேலே இரும்பு மூடி. அவனை இழுத்துப்போய் உள்ளே தள்ளி மூடினேன். அவன் பைக்கை எடுத்துக்கொண்டுபோய் விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்குப் பக்கத்திலிருக்கும் ஓட்டலில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் திரும்பினேன். வந்தபோது சவுரியம்மாள் குழி ஓரத்தில், கையில் இரண்டு செத்த கோழிகளோடு நின்றிருந்தாள்.

"மொதலாளி, உள்ள ஏதோ மொனகுதுங்க."

"கோழிதாம்மா. முழுசா சாவல போல."

"கோழி அம்மான்னு கூப்புடுமாங்க?"

அவளைத் தோப்புக்குப் போகச் சொன்னேன். இரண்டு மூட்டை சுட்ட சுண்ணாம்பைக் குழியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். நீர் பட்டால் அது கொதிக்கும், சோற்றுப்பானையைவிட வேகமாக. அரைமணி நேரத்தில் சத்தம் நின்றது. எனவே, அவன் செத்தது அடியாலா என்று நீங்கள் கேட்டதற்கு, இல்லை, சுண்ணாம்பால் என்றுதான் எழுதவேண்டும். தவறாக எழுதிவிடாதீர்கள். சவுரியம்மாள் தோப்புக்குப் போகவில்லை, நேராகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். அது அவள் இஷ்டம்.

தீவனம் போட ஆளில்லை என்று அவள் கூண்டுகளையெல்லாம் திறந்து கோழிகளைத் தோப்பில் விட்டுவிட்டதாக நேற்று நீங்கள் சொன்னீர்கள். அங்கிருந்து ஒரு தட்டு முட்டையும் என் நீல விளக்கும் கொண்டுவரச் சொல்லிக் கேட்டேன், மறுக்காமல் கொண்டுவந்தீர்கள். நன்றி. ஜன்னலைச் சாத்திவிட்டு முப்பது முட்டையையும் விளக்கில் பார்த்தேன்.

மணிமாறனுக்குத் தரவேண்டிய பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. அதையும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கோழியைக் கூண்டிலிருந்து வெளியே விட்டுவிட்டால் முட்டையில் கோடு விழாது.