சிகாகோவிலிருந்து வந்த தூத்துக்குடிக்காரர்

பஹ்ரைனில், ஈசா டவுனிலிருந்து மனாமா போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு தூத்துக்குடிக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் கட்டட வேலை சைட் உடுப்பில் இருந்தார். கோட்டு போட்டிருந்த மற்றவர் ஹோட்டல் லாபியில் பியானோ வாசிப்பவராம்.

"போன வாரத்துலேருந்து நான் அமெரிக்காக்காரன், மக்கா" என்றார் கோட்டுக்காரர்.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் பேனாவை மூடினேன்.

"யாருலே சொன்னா?"

"மேனேஜருதான். லாபியில போர்டே வச்சிட்டான். உலகப்போர் சமயத்துல சிகாகோ டான்ஸ் ஹால்ல ஸ்விங் ஜாஸ் வாசிச்சவனாம் நான்."

"அப்படின்னா ஒனக்கு நூறு வயசாவுமே மக்கா!"

"ஒரு கெஸ்ட்டும் அதையேதான் கேட்டாரு. மறுநாளே மேனேஜர் என் தலைக்கு வெள்ளைச் சாயம் வாங்கிட்டு வந்துட்டான்."

"விசாவுல என்ன போட்டிருக்கு?"

"கொத்தனாரு."

நண்பர் சிரித்து முடிக்கும்வரை அவர் சன்னலுக்கு வெளியே பார்த்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா விசிட் விசாவுல வாரா. கோயில்ல நான் ஆர்மோனியம் வாசிச்சதைத்தான் கேட்டிருக்கா. பியானோ கேக்கணும்னு அவளுக்கு அம்புட்டு ஆசை. ஆனா லாபியில ஒரு வார்த்தை தமிழ் பேசுனாலும் வேலை கலாஸ்னுட்டான் மேனேஜர். கட்டுன பொண்டாட்டியை 'வெல்கம் மேடம்'னுதான் கூப்பிடணுமாம்."

"மதினி என்ன சொன்னாவ?"

"'பதினாறு வருசமா ஏட்டி, ஏட்டின்னுதான் கூப்பிடுதிய. நீங்க வாசிக்கலேன்னாலும் பரவால்ல, அந்த மேடத்தைக் கேக்கவே தினமும் வாரேன்'னுட்டா."