கார்மேகத்தின் இடது கை

துபாயில், அல் குசைஸ் பகுதியில் ஆட்டுக்கால் வாங்க ஒரு நல்ல கடை இருக்கிறது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே போய்விடுவேன். தீயில் வாட்டாத கால்களாகப் பார்த்துக் கடைக்காரர் எடுத்து வைத்திருப்பார். சூப்புக்கு இல்லை; என் மாணவர்களுக்கு. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் விரித்து, அந்தக் கால்களிலுள்ள தசைநாண்களை வெட்டித் தைத்துப் பழகுவார்கள். என் மனைவி பத்மா எல்லோருக்கும் இட்லி கொடுப்பாள். பதினாறு வருடங்களில் பத்தொன்பது இளம் மருத்துவர்கள் அந்த மேசையில் கற்றிருக்கிறார்கள்.

தாய்மொழியிலேயே எழுதலாம், மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்று விசாரணை அதிகாரிகள் நீங்கள் சொன்னதால் தமிழில் எழுதுகிறேன். பெயர் கோபாலசாமி. கை அறுவை சிகிச்சை மருத்துவர். சொந்த ஊர் கோயம்புத்தூர்.

தசைநாண் என்பது விரலை மடக்கும் வெள்ளைக் கயிறு. அறுந்தால் விரல் மடங்காது. தைக்கும்போது முடிச்சு சற்றே தடித்தாலும் விரல் விறைத்துவிடும். ஆட்டுக்காலில் இதையெல்லாம் ஓரளவுக்குத்தான் கற்றுக்கொடுக்க முடியும். என் மாணவர் சரவணகுமார் பஹ்ரைனில், மனாமாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு தச்சரின் கட்டைவிரலைக் கெடுத்துவிட்டார். போனில் அழுதார்.

"ஆட்டுக்கால்ல வந்துச்சு சார். ஆள்கிட்ட வரல."

அன்று பிடித்தது எனக்குப் பயம். என் மாணவர்கள் போகிற ஊரிலெல்லாம் கைகள் கெட்டுக்கொண்டிருக்கும் என்ற பயம். நான் கல்நெஞ்சன் என்று முடிவுகட்டுவதற்குமுன் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அறுந்த தசைநாண் நாம் வேண்டுகிற நாளில் வராது. தோல் மட்டும் கிழிந்த கைகள் தினமும் வரும். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்களிலிருந்து கம்பெனி வேனில் வருவார்கள். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். விரல் சரியாகாவிட்டால் சில மாதங்களில் கம்பெனி ஊருக்கு அனுப்பிவிடும். மறுபடி வந்து கேட்க மாட்டார்கள். அதற்காக அவர்களைத் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் வந்தார்கள், அவ்வளவுதான். இடது கை, மோதிர விரல் என்று எனக்கு நானே ஒரு வரம்பும் வைத்திருந்தேன்.

கார்மேகம் வந்தது மார்ச் மாதம், காலை பத்து மணிக்கு. முதுகுளத்தூர் பக்கத்துக்காரர், சைட்டில் கம்பி கட்டுபவர். தகரம் கிழித்து இடது மோதிர விரலில் வெட்டு. தோளருகே ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தோம். அவர் விழித்திருந்தார். முகத்துக்கும் கைக்கும் நடுவே பச்சைத் துணித் திரை. உதவிக்கு ஷியாமளா, திருநெல்வேலிப் பெண், என் மாணவர்களில் முதன்மையானவள். மயக்க மருத்துவர் சூடான்காரர். நர்ஸ் பிலிப்பைன்ஸ்காரர். ஆபரேஷன் தியேட்டருக்குள் எல்லோரும் ஆங்கிலம்தான் பேசுவோம்.

புண்ணை விரித்துப் பார்த்தோம். தசைநாண் முழுதாக இருந்தது. தோலை மூடிவிடலாம் என்று ஷியாமளா நூலை எடுக்கத் திரும்பினாள். நான் கத்தியை ஒருமுறை வைத்து எடுத்தேன்.

நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் அவள் திரும்பிவிட்டாள். பயத்தில் அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது.

"சார்... இது இப்பதான் முழுசா இருந்துச்சு. நீங்களா வெட்டினீங்க?"

திரைக்கு அந்தப் பக்கமிருந்து கார்மேகம் கேட்டார்.

"டாக்டரம்மா, என்னத்த வெட்டுனாக?"

ஷியாமளா என்னைப் பார்த்தாள்.

"அய்யா, நான் எடக்கையன். அது என் வேலக் கைய்யா. புண்ணு இருந்தபடி இருக்கட்டும், விட்டுருங்க. நான் ரூமுக்குப் போயிர்றேன்."

எழப் பார்த்தார். உடம்பு எழுந்தது; மரத்துப்போன கை மேசையிலேயே கிடந்தது. அதை இழுத்துக்கொண்டு போக அவரால் முடியவில்லை. மானிட்டரில் நாடித்துடிப்பு நூற்று நாற்பதைத் தொட்டது. என்ன சொல்கிறார் என்று நர்ஸ் கேட்டார். ஊசிக்குப் பயப்படுகிறார், தூங்க வைத்துவிடலாம் என்றேன். மருந்து ஏறும்வரை அவர் ஷியாமளாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி... நீயாச்சும் சொல்லு தங்கச்சி..."

அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். கதவையே பார்த்தாள்.

"நான் தைக்கப் போறதில்ல ஷியாமளா. நீ தைக்கலன்னா இவருக்கு அந்த விரல் இல்ல" என்றேன். குரலை உயர்த்தவில்லை. மாணவர்களிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை.

அவள் வந்தாள். முதல் இரண்டு தையலில் கை நடுங்கியது. கண்ணீர் முகக்கவசத்துக்குள் இறங்கியது. மூன்றாவது தையலில் நடுக்கம் நின்றுவிட்டது. ஆட்டுக்காலில் ஒரு வருடம் தைத்தாலும் அந்த நிதானம் வராது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பாடம் நான் நடத்தியதில்லை.

கார்மேகத்தின் விரல் மடங்கவில்லை. ஜூனில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஷியாமளா உங்களுக்கு எழுதிய கடிதத்தை வாசித்தேன். ஒவ்வொரு வரியும் உண்மை. ஓரிடத்தில் மட்டும் திருத்த வேண்டும். ஒருவர் என்று எழுதியிருக்கிறாள். கார்மேகத்துக்கு முன் எட்டுப் பேர். மற்ற மாணவர்களுக்கு இது தெரியாது. விபத்தில் அறுந்தது என்று நம்பித்தான் தைத்தார்கள். வெட்டியது நான். எட்டுப் பேரின் பெயர்களும் எனக்கு நினைவில்லை. விரல்களைக் காட்டினால் அடையாளம் சொல்வேன்.

நேற்று பத்மா என்னை இங்கே லாக்கப்பில் பார்க்க வந்தாள். ஷியாமளா வேலையை விட்டுவிட்டாளாம். இனிமேல் கத்தியையே தொடப் போவதில்லையாம். எனக்குத் தண்டனை என்றால் அதுதான். யாராவது அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். கார்மேகத்தின் விரல் மடங்காமல் போனதற்கு அவள் போட்ட கடைசி முடிச்சுதான் காரணம், கொஞ்சம் இறுக்கிவிட்டாள். இன்னும் இரண்டு கைகள் கிடைத்தால் போதும், அவளுக்கு அதுவும் கைவந்துவிடும்.