காயமே படாத அணி

ஓடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு மூச்சு வாங்கும். ஆபீஸ் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, எதையோ மறந்துவிட்டவன் போல நெற்றியைத் தடவிக்கொள்வேன். தாணுலிங்கம் ஆகிய என்னைத்தான் நம் எண்ணெய் மில்லின் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராகப் போட்டார்கள். காரணம் அற்பமானது. முதலாளிக்கு முன்னால் ‘ஸ்டாமினா’ என்ற சொல்லை முதலில் உச்சரித்தவன் நான். ஏதோ பத்திரிகையில் படித்தது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றும் வெறும் ஹெட் கிளார்க்காக, நல்ல பெயரோடு இருந்திருப்பேன்.

நம் மில் டாக்டர்மீது நடக்கும் விசாரணைக்காக எனக்குத் தெரிந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். மலையாளத்திலும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம் என்றீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். நாஞ்சில் நாட்டில் பிறந்து, திருவனந்தபுரத்தில் தலை நரைத்தவன். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், சண்டை வந்தால் எதிராளிக்கு எது புரியாதோ அது. என்னிடம் இருக்கும் ஒரே திறமை இதுதான். அதனால்தான் இந்த விவகாரமே நடந்தது.

உடம்பைச் சரியாகத் தயார்செய்தால் காயமே படாது என்பது என் கொள்கை. அதை முதலாளியிடம் சொன்னேன். அவர் தலையாட்டியதும் தைரியம் வந்து, பத்திரிகைக்காரர் ஒருவரிடமும் சொல்லிவைத்தேன். என் கையில் இருக்கும்வரை இந்த அணியில் ஒருவன்கூடக் காயத்தால் ஓர் ஆட்டத்தைத் தவறவிட மாட்டான் என்றேன். மறுநாள் அது அச்சில் வந்தது. என் பெயரும் வந்தது, ஓர் எழுத்து குறைவாக. மனைவி சிவகாமியம்மாளிடம் காட்டினேன். “மொதல்ல ஒங்க வயித்த ஓடச் சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவளுக்கு விளையாட்டில் ஈடுபாடு கிடையாது.

சங்குமுகம் கடற்கரை மணலில் ஓடவைப்பதுதான் நல்லது என்று நான் படித்த பத்திரிகையிலேயே இருந்தது. ஆனால் கடற்கரையில் உட்கார நிழல் இல்லை. கவடியார் போகும் தார் ரோட்டில், மரத்தடியில் ஒரு சாயாக்கடை இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தால் ரோடு முழுக்கத் தெரியும். ஆகவே பையன்களைத் தார் ரோட்டில் ஓடவிட்டேன், வெறுங்காலோடு. அப்போது நம் ஊரில் பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள் குறைவு. ஒவ்வொரு சுற்றும் முடிந்து அவர்கள் கடையைத் தாண்டும்போது நான் கையை உயர்த்தி, இன்னொரு சுற்று என்று காட்டுவேன். அந்தக் கையில் சில சமயம் பாதி கடித்த பழம்பொரி இருக்கும்.

சீசன் பாதி தாண்டுவதற்குள் பையன்களின் கால்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒருவனுக்குக் கணுக்கால், ஒருவனுக்குத் தொடை, கோல் கீப்பருக்கு முட்டி. என் வாக்கைக் காப்பாற்ற வேண்டியது என் கடமை அல்லவா? நொண்டியவர்களை எல்லாம் கல்யாணத்துக்கு அனுப்பினேன். அக்கா கல்யாணம், சித்தப்பா மகன் கல்யாணம் என்று லீவு. கல்யாணத்துக்குப் போனவனைக் காயம் பட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. அரையிறுதி வரும்போது அணியில் பாதிப் பேர் கல்யாண வீட்டில் இருந்தார்கள். ஆடி மாதம் என்பதை முதலாளி கவனிக்கவில்லை.

யோசுவாவை மட்டும் கல்யாணத்துக்கு அனுப்ப முடியவில்லை. எங்கள் கோல்களை எல்லாம் அடித்துக்கொண்டிருந்தவன் அவன். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், சரிவிலேயே பந்து விளையாடிப் பழகியவன். சமதளம் கிடைத்ததும் அவனைப் பிடிக்க யாராலும் முடியவில்லை. மில்லில் அவனுக்குச் சம்பளம் ஆடுவதற்குத்தான், வேறு வேலை தெரியாது. மலையாளமும் தெரியாது. லயத்து வீட்டில் தமிழ், கங்காணி திட்டுவது தமிழ், ஞாயிற்றுக்கிழமை ஜெபமும் தமிழ். வித்துரா சந்தைக்கு இறங்கினால் விரலைக் காட்டிச் சாமான் வாங்குகிறவன். அணியில் மற்றவர்கள் பேசும்போது சிரித்துவைப்பான். அவனுக்கும் நம் ஊருக்கும் நடுவில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

காலிறுதிக்கு முன்னால் அவன் என்னிடம் வந்து வலது கால் முன்னெலும்பைத் தொட்டுக் காட்டினான்.

“ஐயா, இந்த எடத்துல சத்தே இல்ல. ஊணி நின்னா உள்ள என்னமோ வெலகுது.”

டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றான். நியாயமான கோரிக்கை. நானே கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் எழுபது வயதுக்காரர், நல்ல மனுஷர், தமிழ் அறவே தெரியாது. “எங்ஙனெயுண்டு?” என்று, எப்படி இருக்கிறது என்று கேட்டார். யோசுவா நிமிர்ந்து நின்று, “கால்ல சாரமில்ல, சார்” என்றான்.

தமிழில் சாரமில்லை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை, சக்கை. மலையாளத்தில் சாரமில்லா என்றால் பரவாயில்லை, பொருட்படுத்த வேண்டாம். டாக்டர் எலும்பை அழுத்தினார். யோசுவாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் “சாரமில்ல, சார்” என்றான். இன்னும் அழுத்தினார். “சாரமில்ல, சாரமில்ல” என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். டாக்டர் அவன் முதுகில் தட்டினார். “ஆள் மிடுக்கனாணல்லோ”, பலே ஆள்தான் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பாஷை தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான், ஆகவே நான் ஒருவன்தான் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் யோசுவா கேட்டான்: “என்னய்யா, டாக்டர் சிரிக்காரு? மருந்து ஒண்ணும் தரலியே.”

“ஆடி ஆடித்தான் சரியாகுமாம்” என்று மொழிபெயர்த்தேன்.

காலிறுதியில் ஜெயித்தோம். அரையிறுதிக்கு முன்னால் மறுபடியும் டாக்டரிடம் போனோம். அவர் அதே கேள்வியைக் கேட்டார், இவன் அதே பதிலை இன்னும் உரக்கச் சொன்னான். இப்படி ஒரு வீரனைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று டாக்டர் கண்கலங்கினார். அரையிறுதியிலும் ஜெயித்தோம். பத்திரிகையில் என் பெயர் இந்த முறை முழு எழுத்துகளோடு வந்தது. அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள்.

இறுதி ஆட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பந்து அவனுக்கு முன்னால் உருண்டு போயிற்று. எதிரணிக்காரன் எட்டத்தில் நின்றான். யாரும் யோசுவாமேல் படவில்லை. ஓடிக்கொண்டிருந்தவன் கால் நடுவில் மடங்கிற்று. விறகு முறிகிற சத்தம் என் நாற்காலிவரை கேட்டது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ரெஃபரி விசில் ஊதலாமா வேண்டாமா என்று முழித்தார். எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவனுக்கு யார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்வது என்று தோன்றியது.

காயத்தில் விஷம் ஏறி, முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். எலும்பில் முன்பே விரிசல் இருந்திருக்கிறது, தார் ரோட்டு ஓட்டத்தில் விழுந்தது, ஓய்வு கொடுத்திருந்தால் தானே கூடியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒற்றைக்காலனுக்கு மில்லில் வேலை இல்லை. அவன் திரும்பிப் போகவேண்டியது போனக்காட்டுக்கு. அவன் அம்மா பொன்னம்மை அங்கே கொழுந்து பறிக்கிறாள். அங்கே எந்தப் பக்கம் கால்வைத்தாலும் மேடு, இல்லாவிட்டால் பள்ளம்.

போன வாரம் அவனைப் பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டுதான் போனேன். நர்ஸ் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். அவன் துடிக்கும்போதெல்லாம் குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி ஒரு சொல்லைச் சொன்னாள். அவள் போனதும் யோசுவா என்னைப் பார்த்தான்.

“ஐயா, இந்த அக்கா தெனமும் என்கிட்ட சாரமில்ல, சாரமில்லங்குது. காலே இல்லாதவன்கிட்ட எதுக்கு அப்பிடிச் சொல்லுது? என்ன அர்த்தம்?”

“பரவாயில்லன்னு அர்த்தம்” என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அவன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான்.

“அப்பம் டாக்டர்ட்ட நான் அதையா சொன்னேன்?”

“ஆமா.”

“அந்த வார்த்தைய நீங்கதான ஐயா எனக்குச் சொல்லித் தந்திய?”

ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இதைத்தான் எழுத வந்தேன், இத்தனை நேரம் சுற்றிவிட்டேன். முதல் தடவை போனபோது, டாக்டரின் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அவன் தோளில் கைபோட்டு, “சத்து இல்லன்னா அவருக்கு மனசிலாகாது மக்கா. கால்ல சாரமில்லன்னு சொல்லு. ஒடனே மனசிலாகும்” என்றேன். அவன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். ‘ர’வைத் திருத்தினேன். மைதானத்தில் அந்தச் சொல் அவன் காதில் விழுந்திருக்காதா என்று கேட்பீர்கள். பேச்சில் அது ‘சாரோல்ல’ என்று தேய்ந்துதான் வரும். நான் கொடுத்தது புத்தகத்தில் இருக்கிற மாதிரி முழுச்சொல். அதையும் யோசித்துத்தான் கொடுத்தேன். ஆகவே டாக்டர்மீது தப்பில்லை, அவரை விட்டுவிடுங்கள். அவர் காதில் விழுந்ததை அவர் நம்பினார்.

யோசுவா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பார்வையாளர் நேரம் முடிகிறவரை நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அவனுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும், என்னிடம் ஒரு தடவை அதைச் சொல்வான் என்று காத்திருந்தேன். மணி அடித்தார்கள். பாவம், வலியில் இருக்கிறவன், மலையாளமும் போதாது. அவன் சார்பில் நானே அதைச் சொல்லிக்கொண்டு எழுந்து வந்தேன்.