மரைக்காயர் மாளிகையின் மணி

கல் வீட்டில் ஒரு சௌகரியம் உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. சித்திரை வெயிலிலும் தரை குளிர்ந்தே இருக்கும்.

ரங்கூனில் மர வீடுகளுக்கு நடுவே அந்த மாளிகையை விக்டோரியா ராணி காலத்தில், 1898இல் கட்டியவர் அரிசி வியாபாரி ஷம்சுதீன் மரைக்காயர். கல் முழுவதும் கப்பலில் வந்தது. போட்டாதாங் துறையில் அதை இறக்கிய கூலிகளில் நானும் ஒருவன். கட்டி முடித்த அன்று, "கருப்பையா, நீ இங்கயே இருந்துக்க" என்றார். இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். எனக்கு வேறு வீடு இல்லை.

போன வருஷம் முதலாளியைப் பக்கவாதம் தாக்கியது. காலும் நாக்கும் போயின. வலக்கை மட்டும் மிஞ்சியது. அதில் ஒரு பித்தளை மணி கொடுத்தேன். அடித்தால் ஓடுவேன். ஆற்றில் கப்பல் சங்கு ஊதும்போதெல்லாம் அந்தக் கையை ஜன்னல் பக்கம் நீட்டுவார். நாகூருக்குப் போய் மனைவியின் கபருக்குப் பக்கத்தில் அடங்க வேண்டும் என்கிறார். எனக்குப் புரிந்தது. போர்வையை இழுத்துவிடுவேன்.

நாகூரிலிருந்து மகன் அமீர் அலி தந்தி அடித்தார். வாப்பாவை அழைத்துப்போக வருகிறாராம், மாளிகையை விற்றுவிடலாமாம். முதலாளி காலமானார், அடக்கம் முடிந்தது என்று பதில் கொடுத்தேன். அதன்பிறகு இந்த வீட்டை எட்டிப் பார்க்க மாட்டார் என்று நினைத்தேன். ஆனால் வாப்பாவின் கபரைப் பார்த்துவிட்டு இரண்டே நாளில் திரும்புவதாக எழுதிவிட்டு வந்தார்.

அதற்குள் முதலாளியைத் தூக்கிப்போய்க் கீழே அரிசி வைக்கும் கல் அறையில் படுக்கவைத்தேன். இரண்டு நாளுக்கு ரொட்டியும் தண்ணீரும் கைக்கெட்ட வைத்தேன். மணியைப் பிடுங்க மனம் வரவில்லை.

கபர்ஸ்தானில் ஒரு புது மண்மேட்டைக் காட்டினேன். மகன் அழுதார். மறுநாளே அவருக்கு மலேரியா. மாடியில் புழுங்குகிறது என்று கீழே வந்து அந்த அரிசி அறைக்கு எதிரே, குளிர்ந்த தரையில் பாய் போட்டுப் படுத்துவிட்டார்.

மகன் குரல் கேட்டதிலிருந்து மணி ஓயவில்லை.

"என்னண்ணே, வீட்டுக்குள்ளயே அடிக்கிற மாதிரி இருக்கு?"

"பின்னால போங்கி மடம் தம்பி, புத்த சாமியாருங்க மடம். கல்லு வீடு, சத்தம் உள்ளயே சுத்தும்."

"அந்தச் சாமியாருக்குக் கை வலிக்காதா?" என்று சிரித்தார். "வாப்பாவும் இப்படித்தான். சோறு தாமசமானா தட்டைத் தட்டிக்கிட்டே இருப்பாக."

ஒன்பது நாள் அவர் பாயை விட்டு எழவில்லை. கஞ்சி கொடுத்தேன், நெற்றிக்கு ஈரத்துணி போட்டேன். அறையின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டால் வீடே கேட்கும்படி கிறீச்சிடும். நான் என்ன செய்வது? ஐந்தாம் நாள் மணி மெலிந்தது. ஆறாம் நாள் நின்றது.

காய்ச்சல் விட்டதும் அமீர் அலி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டை விக்கலண்ணே. வாப்பா ஞாபகமா நீங்களே பாத்துக்குங்க." கப்பல் நகர்ந்த பிறகு கதவைத் திறந்தேன். நேரே உங்களிடம் வந்தேன்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனிக்காமல் விட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கூப்பிட்டு நான் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. அந்த ஐந்து நாளும், மகன் கண்ணயர்ந்தபோதெல்லாம், கதவில் வாய் வைத்து, "இதோ வந்துட்டேன் மொதலாளி" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.