வாய் வைக்காத சொம்பு

வேப்பெண்ணெய் வாடை பிடிக்காதவர்கள் என் சோப்பை வாங்க வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். வாடையை மறைக்க சென்ட் ஊற்றுகிற வேலையெல்லாம் என்னிடம் கிடையாது. தேங்காயெண்ணெய் உடுமலைப்பேட்டையில் என் கண் முன்னால் மரச்செக்கில் ஆட்டியதாக இருக்க வேண்டும். நிறத்துக்கு மஞ்சளும் கரிசலாங்கண்ணியும். வேப்பங்கொட்டையில்கூட மழையில் நனைந்தது ஒன்று இருந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவேன். “சுபஸ்ரீயா, அது நொரநாட்டியம் புடிச்ச அம்மாவாச்சே” என்று எண்ணெய்க் கடைக்காரர்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். பேசட்டும்.

என்னிடம் வேலை பார்த்த சித்ராதேவி செத்தது விபத்து என்று நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் இன்ஸ்பெக்டர் மேடம். அதனால்தான் சொல்கிறேன். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் யார் கையிலும் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒரு காலத்தில் சாயப்பட்டறைத் தண்ணீர் இறங்கியது. எருமை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றிலிருந்து கெமிக்கல் என்றாலே எனக்கு ஆகாது. பொங்கலூரில் ஷெட் போட்டபோது பிளாஸ்டிக் குவளைகூட உள்ளே வரக்கூடாது என்றேன்.

ஆனால் எந்த எண்ணெயும் தானாகச் சோப்பாகிவிடாது. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து எண்ணெயில் ஊற்ற வேண்டும். அளவு சரியாக இருந்தால் அது எண்ணெயோடு கலந்து சோப்பாகி, உலர்ந்து முடிக்கும்போது காஸ்டிக் என்று ஒன்று மிஞ்சாது. மிஞ்சாத பொருளை அட்டையில் எதற்குப் போடுவது? நான் போடவில்லை. இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

சித்ராதேவி சிவகங்கைப் பக்கத்துப் பெண். புருஷன் முனீஸ் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறான். சோப்புக் கட்டி வெட்டுவதில் அவளைப் போல நேராக வெட்ட ஆள் கிடையாது. ஷெட்டில் குடிக்கிற தண்ணீருக்கு ஓர் எவர்சில்வர் குடமும் சொம்பும் உண்டு. வாய் வைக்காமல் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான், சுத்தத்துக்காக. வந்த புதிதில் ஒருநாள் சொம்பில் வாய் வைத்துவிட்டாள். “ஏங்கண்ணு, நாலு பேரு குடிக்கிற சொம்புல்ல?” என்றேன். சத்தம் போடவில்லை. புதுச் சொம்பு வாங்கி வைத்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் வாய் வைத்ததே இல்லை. எனக்குத் தனிச் சொம்பு இருந்தது.

குழந்தைத் துணி ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி, ஒவ்வொரு பெட்டியிலும் என் சோப்பு ஒன்றை வைப்பதாகப் பேச்சு. வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் ஷெட்டைப் பார்க்க வந்தார்கள். அவர்களை அழைத்துவந்த அருண்குமார், அந்தக் கம்பெனியில் ஆர்டர் விவகாரம் பார்க்கிற மெர்ச்சண்டைசர் பையன், முந்தின நாளே சொல்லியிருந்தான்: “அக்கா, கெமிக்கல்ங்கற பேச்சே வரக்கூடாதுங்க. அவங்க காதுல உழுந்துதுன்னா ஆர்டர் போச்சுங்க.”

காஸ்டிக் கரைத்த தண்ணீரை மண்டை ஓடு படம் போட்ட நீலக் கேனில் வைத்திருப்போம். அதை எப்படிக் காட்டுவது? அவன் சொன்ன அன்றைக்கே அதிலிருந்ததை ஓர் எவர்சில்வர் குடத்தில் ஊற்றி, தட்டு போட்டு மூடி, குடிதண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ஒரே வரிசையில் பார்க்க லட்சணமாக இருந்தது. எந்தக் குடத்தில் எது என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டேன். சித்ராதேவி அன்று லீவு, ஊரில் காதுகுத்து.

மறுநாள் வெளிநாட்டுக்காரர்கள் வந்திருந்தபோது அவள் நேரம் கழித்துத்தான் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்திருக்கிறாள். வந்தவர்களுக்கு நான் பூந்திக்கொட்டையை உடைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். “வெயிலு மண்டையப் பொளக்குதுக்கா” என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குடத்துப் பக்கம் போனாள். சொம்பில் மொண்டு, அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள்.

அவள் தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. சொம்பு விழுந்த சத்தம்தான். “புரை ஏறிடுச்சுங்க, நீங்க வாங்க” என்று வந்தவர்களிடம் சொல்லிவிட்டு, அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் சோப்பு உலர்த்துகிற அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். அவர்கள் இளநீர் குடித்து, போட்டோ எடுத்து, கிளம்பிப் போன பிறகுதான் காரை எடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தெரிந்த கிளினிக்குக்குப் போனேன்.

உதட்டில் காயம் இல்லை. வாய் வைக்கவில்லை அல்லவா, நேராகத் தொண்டைக்குப் போய்விட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, “உள்ளே வெந்த மாதிரி இருக்கே, என்ன குடிச்சாங்க?” என்றார்.

“கொதிக்கக் கொதிக்கப் பூந்திக்கொட்டைத் தண்ணிங்க சார். அவசரத்துல குடிச்சுட்டாளுங்க.”

“வேற கெமிக்கல் எதுவும் இல்லையே?”

“எங்க ஷெட்டுல கெமிக்கலே இல்லீங்க.”

சித்ராதேவி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. வலியில் ஆட்டுகிறாள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். சூட்டுப் புண்ணுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். அவர் மேல் தப்பில்லை, சொன்ன சீக்குக்குத்தானே மருந்து கொடுக்க முடியும். மறுநாள் அவள் போய்விட்டாள்.

முனீஸ் வந்து கேட்டான். “அக்கா, தண்ணிதானக்கா குடிச்சா? தண்ணி குடிச்சா யாராச்சும் சாவாகளா?” பாவம், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து காஸ்டிக் என்று எழுதிக் கொடுத்த பிறகும் அவன் என்னைச் சந்தேகப்படவில்லை. குடம் மாறிப் போச்சு என்றுதான் உங்களிடமும் சொல்லியிருக்கிறான். அவளைக் குளிப்பாட்ட என் சோப்பையே கொடுத்தேன். ஆர்டர் உறுதியாகிவிட்டது.

குடம் மாறிப் போனது உண்மைதான். ஆனால் அவள் கை எந்தக் குடத்துத் தட்டைத் தூக்கியது என்பதை நான் பார்த்தேன் மேடம். மொண்டதைப் பார்த்தேன். அண்ணாந்ததைப் பார்த்தேன். ‘கண்ணு, அது காஸ்டிக்’ என்று ஒரு சொல் சொல்ல நிறைய நேரம் இருந்தது. பக்கத்தில் அவர்கள் நின்றார்கள். அருண்குமார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கையிலிருந்த பூந்திக்கொட்டையை உடைத்தேன்.

சொம்பில் வாய் வைத்துக் குடித்திருந்தால் நாக்கில் பட்டவுடன் துப்பியிருப்பாள், பிழைத்திருப்பாள் என்று உங்கள் ஏட்டம்மா சொன்னார். இருக்கலாம். ஆனால் அவள் அப்படிச் செய்யக்கூடிய பெண் இல்லை. நான் ஒரு தடவை சொன்னதை அவள் அதற்குப் பிறகு ஒருநாளும் மீறியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவளுக்கு நல்ல பேர் வரட்டும்.